மழைக்காலத்துக்காகக் காத்திருந்த படை

நெப்போலியன் எங்கே தோற்றார் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட இரண்டு பதில் சொல்லும்: ரஷ்யாவின் பனி, வாட்டர்லூ. இந்த இரண்டுக்கும் பத்தாண்டு முன்பே, கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவில், அவர் அனுப்பிய பெரும்படை ஒன்று ஏறக்குறைய முழுதாக அழிந்துபோனது. அங்கே மாண்ட பிரெஞ்சு வீரர்கள் வாட்டர்லூவில் மாண்டவர்களைவிட அதிகம். அவர்களில் பெரும்பாலோர் குண்டடிபட்டுச் சாகவில்லை. மஞ்சள் காய்ச்சலில் செத்தார்கள். அந்தத் தோல்வியால் ஹைட்டி என்ற நாடு பிறந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பரப்பு இரண்டு மடங்கானது.

தொற்றுநோய்கள் வரலாற்றின் போக்கை மாற்றிய கதைகள் நிறைய உண்டு. 14-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது வாரிக்கொண்டுபோனது பிளேக். மெக்சிகோவிலும் பெருவிலும் ஸ்பானியர்களுக்கு வழிதிறந்துவிட்டது பெரியம்மை. இவற்றைச் சொல்லும்போது வானத்திலிருந்து விழுந்த இடியைப் போல நோயைச் சொல்லிவிடுவது நம் வழக்கம். ஹைட்டியின் கதையை அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த நோயை அங்கே கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். அது பெருக இடம் செய்து கொடுத்தவர்கள் மனிதர்கள். அது எப்போது வரும் என்று கணக்கிட்டுக் காத்திருந்தவர்களும் மனிதர்கள்தாம்.

ஹைட்டிக்கு அன்றைய பெயர் சான்-தொமாங். ஹிஸ்பானியோலா தீவின் மேற்கு மூன்றில் ஒரு பகுதி. பரப்பில் கேரளத்தைவிடச் சிறியது. பிரான்சின் கையிலிருந்த இந்தச் சிறு நிலம் 1780-களில் உலகிலேயே பணம் கொழித்த குடியேற்ற நாடு. ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேலும், தின்ற சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கும் இங்கிருந்துதான் போயின. உழைத்தவர்கள் சுமார் 5 லட்சம் அடிமைகள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்காவில் பிறந்து, விலங்கு பூட்டிக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள். கரும்புத் தோட்டத்திலும் ஆலையிலும் சாகிறவர்களின் எண்ணிக்கை எப்போதும் பிறக்கிறவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆள் குறையக் குறைய, ஈடுகட்ட ஆண்டுதோறும் புதிய கப்பல்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கப்பல்களில்தான் நோயும் வந்தது. மஞ்சள் காய்ச்சல் வைரஸின் தாயகம் ஆப்பிரிக்கா. அதைச் சுமக்கும் ஏடிஸ் எஜிப்டி கொசுவும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததே. கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்கக் கண்டத்தில் இரண்டுமே இல்லை. மேற்கு ஆப்பிரிக்க வைரஸின் மரபணுத் தொடரையும் தென் அமெரிக்க வைரஸின் மரபணுத் தொடரையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், அவை இரண்டும் பிரிந்தது அடிமை வணிகக் காலத்தில்தான் என்று காட்டியிருக்கிறார்கள். கரீபியனில் தெளிவாகப் பதிவான முதல் கொள்ளைநோய் 1647-ல் பார்படோஸில் வந்தது. பார்படோஸ் கரும்புக்கு மாறத் தொடங்கிய காலம் அது.

ஏடிஸ் எஜிப்டி நமக்குப் புதிதல்ல. டெங்கு பரப்புகிறதே, அதே கொசுதான். பகலில் கடிக்கும், சாக்கடையை நாடாது, நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஆட்டுக்கல் பள்ளம், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத ட்ரம் என்று வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பது இந்தக் கொசுவின் புழுக்களைத்தான். பாத்திரத்தின் உட்புறச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டைகளை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். அடிமைக் கப்பலின் அடித்தட்டில் வரிசையாக நின்ற குடிதண்ணீர்ப் பீப்பாய்கள் அதற்கு நல்ல வீடாக அமைந்தன. பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான மனிதர்களின் இரத்தமும் இருந்தது.

தீவில் இறங்கியபின் அதற்கு இன்னும் வசதி. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கூம்பு வடிவ மண்பானைகளில் ஊற்றி, பாகு கீழே வடியவிட்டு, மேலே சர்க்கரையை எடுப்பது அன்றைய முறை. ஒவ்வொரு ஆலையிலும் இப்படிப்பட்ட பானைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆலை ஓடாத மாதங்களில் காலிப் பானைகளிலும் உடைந்த ஓடுகளிலும் மழைநீர் தேங்கும். இந்தக் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அரிது. பானையும் மனிதரும் அடுத்தடுத்து இருந்த ஆலை வளாகத்தில் அதைவிடத் தூரம் பறக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. பெண் கொசு இரத்தம் குடிப்பது முட்டைக்காக; மற்றபடி ஆண், பெண் இரண்டுமே இனிப்புச் சாறுகளை உறிஞ்சி வாழ்பவை. கரும்புத் தோட்டத்தில் இனிப்புக்குப் பஞ்சமா? சர்க்கரைக்காகக் காட்டை அழித்தவர்கள், தங்களையே கொல்லப்போகிற பூச்சிக்கும் சேர்த்துத்தான் அந்தத் தோட்டங்களைப் போட்டார்கள்.

இனி நோயைப் பார்ப்போம். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. கொசு கடித்த 3 முதல் 6 நாளில் காய்ச்சல், தலைவலி, கடும் முதுகுவலி தொடங்கும். மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். நோயாளி பிழைத்துவிட்டோம் என்று எழுந்து உட்காருவார். பெரும்பாலோர் அப்படியே தேறியும் விடுவார்கள். ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு மட்டும் ஒரு நாளுக்குள் காய்ச்சல் திரும்பி வரும். கல்லீரல் கெட்டு உடம்பும் கண்ணும் மஞ்சளாகும். ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும். வயிற்றுக்குள் கசிந்த இரத்தம் அமிலத்தில் கருத்து, கருப்பு வாந்தியாக வெளிவரும். ஸ்பானியர்கள் நோய்க்கு வைத்த பெயரே கருப்பு வாந்தி என்பதுதான். இந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. நோயெதிர்ப்பு அறவே இல்லாத இளம் படைவீரர்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த முகாம்களில் சாவு இந்தக் கணக்கையெல்லாம் தாண்டிப் போனது.

பிழைத்தவருக்கு ஆயுள் முழுதும் இந்த நோய் திரும்ப வராது. சிறுவயதில் வந்தால் பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சலாகக் கடந்துபோகும். எனவே நோய் நிலைகொண்ட ஊரில் பிறந்து வளர்ந்தவர் தப்பிப்பார், புதிதாக வந்திறங்கியவர் சாவார். மேற்கு ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர்களும் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் முதல் வகை; பிரிட்டனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த சிப்பாய்கள் இரண்டாம் வகை. இதில் தோலின் நிறத்துக்கு வேலையே இல்லை. ஆனால் அடிமை முதலாளிகள் இதைத் தங்களுக்கு வசதியாகத் திரித்துக்கொண்டார்கள்: வெப்பநாட்டு வெயிலிலும் நோயிலும் வேலை செய்யவே இயற்கை கருப்பர்களைப் படைத்திருக்கிறது என்றார்கள்.

அந்தப் பொய்க்கு ஒரு நகரத்தின் கருப்பர்கள் விலை கொடுத்தார்கள். 1793 கோடையில் சான்-தொமாங்கில் அப்போது மூண்டிருந்த கலவரத்திலிருந்து தப்பியவர்களை ஏற்றிய கப்பல்கள் அன்றைய அமெரிக்கத் தலைநகரான பிலடெல்பியாவுக்கு வந்தன. மஞ்சள் காய்ச்சல் பற்றிக்கொண்டது. சுமார் 50,000 பேர் வாழ்ந்த நகரத்தில் ஏறக்குறைய 5,000 பேர் இறந்தார்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டன் உட்பட, போக முடிந்தவர்கள் எல்லாரும் வெளியேறினார்கள். கருப்பர்களுக்கு இந்த நோய் வராது என்று நம்பிய புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ், நோயாளிகளைக் கவனிக்க அவர்களை அழைத்தார். அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன் என்ற இரு சமூகத் தலைவர்களின் வழிகாட்டலில் அவர்கள் முன்வந்து சீக்காளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களிடம் எந்த எதிர்ப்பாற்றலும் இல்லை; நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கொள்ளைநோய் அடங்கியதும் ஒரு பதிப்பாளர், கருப்பர்கள் நோயாளிகளிடம் பணம் பறித்தார்கள், திருடினார்கள் என்று எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் 1794-ல் கணக்குவழக்கோடு மறுப்பு வெளியிட்டார்கள். இந்தப் பகுதியை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

தீவுக்குத் திரும்புவோம். 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் அடிமைகள் எழுந்தார்கள். 1794-ல் புரட்சி நடந்துகொண்டிருந்த பிரான்ஸ் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது. இதற்கிடையில் அந்தச் செல்வக் களஞ்சியத்தைக் கைப்பற்ற 1793-ல் பிரிட்டன் படையெடுத்து வந்தது. அது ஐந்தாண்டில் அனுப்பிய 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களில் பாதிக்கும் மேல் இறந்தார்கள், பெரும்பாலும் காய்ச்சலில். 1798-ல் எஞ்சியவர்கள் கப்பலேறினார்கள். எதிர்த்தரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் தூசான் லூவெர்த்தூர்.

அடிமையாகப் பிறந்து, தோட்டத்தில் வண்டியோட்டியாக இருந்து, விடுதலை பெற்றவர் தூசான். மூலிகை வைத்தியம் தெரிந்தவர். கலகப் படையில் தொடக்கத்தில் வைத்தியராகவும் இருந்தவர். வெள்ளைச் சிப்பாய்கள் எந்த மாதத்தில் சாகத் தொடங்குகிறார்கள் என்பதை அவர் ஐந்து மழைக்காலம் கண்ணால் பார்த்திருந்தார். கொசுவைப் பற்றி அன்று எவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மழை வந்தால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் புதியவர்கள் சாவார்கள் என்ற கணக்கு தெரிந்திருந்தது. போருக்கு அது போதும்.

1802 பிப்ரவரித் தொடக்கத்தில் நெப்போலியனின் கப்பற்படை வந்து நின்றது. தளபதி லெக்ளேர், நெப்போலியனின் தங்கை பொலினின் கணவர். முதல் தவணையில் சுமார் 20,000 பேர். பின்னால் வந்தவர்களையும் சேர்த்தால் 40,000-க்கும் மேல். அவர்களில் சுமார் 5,000 போலந்து வீரர்களும் இருந்தார்கள். தங்கள் நாட்டின் விடுதலைக்கு நெப்போலியன் உதவுவார் என்று நம்பி, இன்னொரு மக்களின் விடுதலையை நசுக்க வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். காப்-பிரான்சே துறைமுக நகரத்தை லெக்ளேர் கேட்டபோது, அங்கே பொறுப்பிலிருந்த கிறிஸ்டோஃப் தம் வீட்டிலிருந்தே தொடங்கி ஊரைக் கொளுத்திவிட்டு மலைக்குப் போனார். தூசான் அதே மாதம் தம் தளபதி டெசலினுக்குக் கடிதம் எழுதினார். மழைக்காலம் வந்து எதிரிகளை நம் நாட்டிலிருந்து அகற்றும்வரை அழிவும் நெருப்பும்தான் நமக்கு ஆயுதம் என்பது அதன் சாரம். கரையோரச் சமவெளியில் எதிரிக்கு உணவும் கூரையும் கிடைக்கக்கூடாது. நேருக்கு நேர் பெரும்போர் கூடாது. காலம் கடத்த வேண்டும்.

வரலாற்று நூல்கள் சிலவற்றில், பிரெஞ்சுப் படையைக் கொசு தோற்கடித்தது என்ற ஒரே வரியோடு இந்தப் போர் முடிந்துவிடுகிறது. அந்த வரியை நான் ஏற்கவில்லை. நோய் பரவுவதற்கு முன்பே, மார்ச் மாதம், க்ரெட்-ஆ-பியரோ கோட்டை முற்றுகையில் டெசலினின் ஆட்கள் பிரெஞ்சுப் படைக்குப் பெருஞ்சேதம் விளைவித்தார்கள். மே மாதம் தூசான் சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டார். ஜூனில் அவரை வஞ்சகமாகக் கைது செய்து பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். 1803 ஏப்ரலில் ஆல்ப்ஸ் அருகே, ஜூரா மலையின் குளிர்ந்த கோட்டைச் சிறையில் அவர் இறந்தார். அவர் கைதான வேளையில் தீவில் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. இருந்தும் லெக்ளேர் வென்றுவிட்டார் என்றே அன்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எதிரே நின்றது நோய் மட்டும் என்றால் பிரான்ஸ் அந்த ஓராண்டைப் பொறுத்துக்கொண்டு, அடுத்த குளிர்காலத்தில் புதுப்படை இறக்கியிருக்கும்.

அதை நடக்கவிடாமல் செய்தது ஒரு செய்தி. அடிமைமுறையை மீண்டும் கொண்டுவரும் சட்டத்தை 1802 மே மாதம் நெப்போலியன் நிறைவேற்றியிருந்தார். இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் அது அமலுக்கும் வந்துவிட்டது. (அதே குவாதலூப்புக்குத்தான், 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபின், 1850-களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களைக் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள்.) செய்தி கப்பல் கப்பலாகச் சான்-தொமாங் வந்து சேர்ந்ததும் மலைகள் மறுபடி எழுந்தன. இடையில் பிரெஞ்சுத் தரப்புக்குப் போயிருந்த டெசலினும் கிறிஸ்டோஃபும், அங்கே இருந்த படையதிகாரி பெத்தியோனும் அக்டோபரில் அணி மாறினார்கள். லெக்ளேர் தம் மைத்துனருக்கு எழுதிய கடிதத்தில், மலைவாழ் கருப்பர்களை ஆண் பெண் பாராமல் அழித்து 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்றார். சில வாரங்களில், நவம்பர் 2-ஆம் தேதி, அவரும் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அடுத்து வந்த ரோஷம்போவின் கொடூரம், பிரெஞ்சுக்காரர் பக்கம் மிச்சமிருந்தவர்களையும் எதிரணிக்குத் தள்ளியது. 1803 நவம்பர் 18-ல் வெர்த்தியேரில் டெசலின் வென்றார். 1804 ஜனவரி 1-ல் ஹைட்டி விடுதலை அறிவித்தது. அடிமைகள் கிளர்ந்தெழுந்து தாங்களே அமைத்துக்கொண்ட முதல் நாடு அது.

அதற்குள் உலகப் படமும் மாறிவிட்டது. வட அமெரிக்காவின் நடுவில் பரந்து கிடந்த லூசியானாவை 1800-ல் ஸ்பெயினிடமிருந்து ரகசிய ஒப்பந்தத்தில் திரும்பப் பெற்றிருந்தார் நெப்போலியன். அங்கே விளையும் தானியமும் மரமும் சர்க்கரைத் தீவுகளுக்கு ஊட்டம் என்பது திட்டம். தீவே கைநழுவியபின் லூசியானா எதற்கு? பிரிட்டனுடன் புதிய போரும் நெருங்கிக்கொண்டிருந்தது, பணம் வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை மட்டும் கேட்க வந்த அமெரிக்கத் தூதர்களிடம், முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது பிரான்ஸ். 1803 ஏப்ரல் 30-ஆம் தேதியிட்ட ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் 1.5 கோடி டாலருக்குக் கைமாறியது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பழங்குடி மக்களை யாரும் கேட்கவில்லை. சான்-தொமாங்கின் அடிமைகள் வென்றதால் கிடைத்த அந்த நிலத்தின் தென்பகுதியில் அமெரிக்கர்கள் புதிய அடிமைத் தோட்டங்களைப் போட்டார்கள். ஹைட்டியை ஒரு நாடு என்று அமெரிக்கா ஏற்றுக்கொண்டது 1862-ல்தான். பிரான்ஸோ 1825-ல் போர்க்கப்பல்களை நிறுத்தி, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்ட அந்தத் தொகைக்காக வாங்கிய கடன்களின் சுமையை ஹைட்டி 1947 வரை சுமந்தது. இன்றைய ஹைட்டியின் வறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லாமல் பேசக்கூடாது.

நோயின் ரகசியம் அவிழ இன்னும் நூறாண்டு ஆயிற்று. 1881-ல் ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே, இந்தக் கொசுதான் பரப்புகிறது என்று சரியாகவே சொன்னார். ஆனால் நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாளிலேயே இன்னொருவர்மேல் விட்டார், நோய் ஒட்டவில்லை. வைரஸ் கொசுவின் குடலிலிருந்து உமிழ்நீருக்கு வந்து சேர ஏறக்குறைய 12 நாளாகும் என்பது அவருக்குத் தெரியாது. 1898-ல் மிசிசிப்பியின் சிற்றூர்களில் வீடு வீடாகத் தேதிகளைக் குறித்த ஹென்றி கார்ட்டர், முதல் நோயாளிக்கும் அடுத்தவர்களுக்கும் நடுவே இரண்டு மூன்று வார இடைவெளி இருப்பதைக் கண்டார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தது, 1900-ல் கியூபாவுக்கு வந்த வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவக் குழு. அந்தக் குழுவின் ஜெஸ்ஸி லசியர் ஆய்வின் நடுவே கொசுக்கடியால் நோய் கண்டு 34 வயதில் இறந்தார். அவர் பெயரால் அமைந்த முகாமில், நோயாளிகளின் வாந்தியும் இரத்தமும் படிந்த படுக்கைகளைக் கழுவாமல் விரித்து, தன்னார்வலர்கள் 20 இரவு படுத்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. சுத்தமான வீட்டில் தங்கி, நாள் முதிர்ந்த கொசுவிடம் கடிபட்டவர்கள் படுக்கையில் விழுந்தார்கள்.

இது தெரியாமல் 1880-களில் பனாமாவில் கால்வாய் வெட்டப்போன பிரெஞ்சு நிறுவனம் சுமார் 20,000 தொழிலாளர்களைச் சாகக் கொடுத்துத் திவாலானது. சூயஸ் வெட்டிய லெசெப்ஸ்தான் அதற்கும் தலைவர். அவர்களின் மருத்துவமனை அழகானது, தோட்டம் சூழ்ந்தது. எறும்பு ஏறாதிருக்க ஒவ்வொரு கட்டில் காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தார்கள். செடிகளைச் சுற்றியும் நீர் வளையம். அத்தனையிலும் ஏடிஸ் புழுக்கள் நெளிந்தன. வேறு நோய்க்கு வந்து படுத்தவர் மஞ்சள் காய்ச்சல் வாங்கிக்கொண்டு செத்தார். 1904-ல் அமெரிக்கர்கள் வேலையை எடுத்தபோது வில்லியம் கோர்கஸ் தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு மூடி போட்டார், தொட்டிகளில் எண்ணெய் தெளித்தார், வீடுகளுக்குப் புகை போட்டார், குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார். 1905 இறுதிக்குள் பனாமா நகரில் மஞ்சள் காய்ச்சல் நின்றது. 1914-ல் கால்வாய் திறந்தது.

1937-ல் மாக்ஸ் தைலர் உருவாக்கிய 17டி தடுப்பூசி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஒரு தவணை ஆயுளுக்குப் போதும். இருந்தும் பெரியம்மையைப் போல இந்த நோயை ஒழித்துவிட முடியாது, ஏனென்றால் ஆப்பிரிக்க, தென் அமெரிக்கக் காட்டுக் குரங்குகளிடம் வைரஸ் வாழ்கிறது. 2016-ல் அங்கோலாவில் பெரிய அளவில் பரவியபோது, அங்கே வேலைக்குப் போன சீனத் தொழிலாளர்கள் 11 பேர் நோயோடு விமானத்தில் ஊர் திரும்பினார்கள். நானூறு ஆண்டுக்கு முன் அட்லாண்டிக்கைத் தாண்டிய வைரஸ் அன்று ஆசியாவில் கால்வைத்தது. நல்லவேளையாக அங்கே பரவவில்லை.

இந்தியாவில் இதுவரை மஞ்சள் காய்ச்சல் பரவியதில்லை. அதைப் பரப்பக்கூடிய கொசுவோ நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது, தடுப்பூசி போடாத 140 கோடிப் பேரும் இருக்கிறோம். அதனால்தான் நோயுள்ள நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் வருகிறவரை 6 நாள் வரை தனிமைப்படுத்தும் விதியை அரசு கண்டிப்பாக வைத்திருக்கிறது. அந்த விதியில் குறுக்குவழி தேடாதீர்கள். ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ இந்த நோயுள்ள நாடுகளுக்கு வேலையாகவோ சுற்றுலாவாகவோ போகிறவர்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பாக ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் இன்றே மாடித் தொட்டியின் மூடியைப் பாருங்கள்.